பழைய ஆக்டேவியா 1.8 டர்போவில் பெரிய டர்போ பொருத்துதல்: எஞ்சினை உடைக்காமல் திறனைக் கூட்டும் முறை

2000-களின் நடுவில் இந்தியாவில் விற்பனையான ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வண்டியின் 1,781 சிசி, 20 வால்வு டர்போ எஞ்சின் 150 குதிரைத்திறனும் 210 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. அதே காலத்தில் ஐரோப்பாவில் ஓடிய ஆர்எஸ் வண்டியில் இதே அளவு எஞ்சின் 180 குதிரைத்திறன் தந்தது. ஆடி டிடியின் உயர்வகையிலும் சியட் லியோன் குப்ரா ஆரிலும் இதே குடும்பத்து எஞ்சின் 225 குதிரைத்திறன் தந்தது. ஒரே குடும்பத்தில் இவ்வளவு வேறுபாடு இருப்பதால்தான், டர்போவை மட்டும் மாற்றிவிட்டால் தன் வண்டியும் அங்கே போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி, வளைந்த கனெக்டிங் ராடாகவோ உருகிய பிஸ்டனாகவோ ஒர்க்‌ஷாப் மேசையில் வந்து கிடக்கும்.

இந்த எஞ்சினில் டர்போ கடைசியாக வாங்க வேண்டிய பொருள் என்பதே என் உறுதியான கருத்து. 20 ஆண்டு ஓடிய எஞ்சினின் உடல்நிலை, பெட்ரோல் வழங்கல், குளிர்விப்பு, கணினியின் மேப் (பெட்ரோலையும் இக்னிஷன் நேரத்தையும் பூஸ்ட்டையும் தீர்மானிக்கும் அட்டவணை) ஆகிய நான்கும் ஒழுங்காக இருந்தால் 190 முதல் 210 குதிரைத்திறன் வரை இந்த வண்டி மனம் கோணாமல் தரும். அதற்கு மேல் ஆசைப்படுகிறவர்கள் எஞ்சினைப் பிரித்து உள்ளுறுப்புகளை மாற்றியே ஆக வேண்டும். இந்த வழிகாட்டி, எஞ்சினைப் பிரிக்காமல் அந்த 210-க்குள் நிற்க விரும்புகிறவர்களுக்கானது.

வேலையைத் தொடங்கும் முன் சட்டத்தின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், மாற்றியமைத்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. இதோடு, 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வு உண்டு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் மாற்றங்களைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. ஆகவே இந்த வேலை கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடங்களில் ஓட்டுவதற்கென்று ஒதுக்கிய வண்டிக்கே பொருந்தும். தடத்து வண்டியே ஆனாலும் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிய வேண்டாம். 210 குதிரைத்திறனுக்கு அது பெரிய தடையே அல்ல.

எஞ்சினின் உடல்நிலை

எல்லாவற்றுக்கும் முன்பாக எஞ்சின் குறியீட்டைப் பாருங்கள். ஏஜியூ என்று இருந்தால் அது இந்தக் குடும்பத்தின் தொடக்ககால வகை. ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து த்ராட்டிலுக்குக் கம்பி வடம் செல்லும், சிலிண்டர் ஹெட்டில் காற்று நுழையும் வாய் பெரிதாக இருக்கும். பின்னால் வந்த வகைகளில் த்ராட்டில் மின்மோட்டாரால் திறக்கும், கணினியும் வேறு, ஹெட்டின் வாயும் சிறியது. இரண்டுக்கும் இன்டேக் மேனிஃபோல்டு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் குழாய்), மேப் போன்றவை ஒன்றுக்கொன்று பொருந்தா. இதைப் பார்க்காமல் வெளிநாட்டிலிருந்து உதிரிபாகம் வரவழைத்து, பொருந்தாமல் அலமாரியில் வைத்திருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எழும் அழுத்தத்தைக் கேஜால் அளப்பது. எஞ்சின் நன்கு சூடான பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, இன்ஜெக்டர்களின் மின்இணைப்பைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுமையாக அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். நான்கு சிலிண்டர்களும் 9 பாருக்கு மேல் இருந்து, மிக அதிகமானதற்கும் மிகக் குறைவானதற்கும் இடையே 1.5 பாருக்கு மேல் வேறுபாடு இல்லையென்றால் நான் அடுத்த படிக்குப் போவேன். தயாரிப்பாளரின் தேய்மான வரம்பு இதைவிடத் தளர்வானதுதான். ஆனால் அது வண்டி அன்றாடம் ஓடுவதற்கான வரம்பு, கூடுதல் அழுத்தத்தைத் தாங்குவதற்கான வரம்பு அல்ல.

ஆயில் அழுத்தத்தை டாஷ்போர்டு விளக்கை நம்பி விட்டுவிடக்கூடாது. விளக்கு எரியும் நேரத்தில் டர்போவின் பேரிங் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். ஆயில் ஃபில்டர் பிடிப்பில் உள்ள அழுத்த ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் பொருத்தி, ஆயில் 80 டிகிரி சூட்டுக்கு வந்த பின் பாருங்கள். ஐடிலில் 1 பாருக்கும், 3,000 ஆர்பிஎம்மில் 3 பாருக்கும் குறைந்தால் எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் சம்ப்பைக் கழற்றியே ஆக வேண்டும். இந்த எஞ்சினில் ஆயில் நீண்ட நாள் மாற்றப்படாமல் ஓடினால், தார் போன்ற கசடு சம்ப்பின் அடியில் படிந்து, ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையை அடைத்துவிடும். டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்கிறது. அந்த வேகத்தில் அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். ஆகவே கேஜ் நல்ல எண்ணைக் காட்டினாலும், பழைய வண்டியென்றால் சம்ப்பைக் கழற்றிக் கழுவி, உறிஞ்சு குழாயைப் புதிதாக மாற்றிவிடுமாறு வேண்டுகிறேன். ஒரு டர்போவின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு மிகச் சிறியது.

எஞ்சின் மூச்சுவிடும் ஹோஸ்களும் இதே அளவு முக்கியம். கிராங்க்கேஸின் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுசெல்லும் அந்த ரப்பர்க் குழாய்கள் நம் ஊர் வெயிலில் வெந்து, தொட்டால் பிஸ்கட் போல் நொறுங்கும் நிலையில்தான் பெரும்பாலும் இருக்கும். அவற்றில் உள்ள ஒருவழி வால்வு திறந்தபடியே ஒட்டிக்கொண்டால், பூஸ்ட் அழுத்தம் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) நேராகக் கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அப்போது டர்போவிலிருந்து கீழே வடிய வேண்டிய ஆயில் வடிய முடியாமல் சீல்களைத் தாண்டிப் புகையாக வெளியேறும். புதிய டர்போ பொருத்தியும் நீலப்புகை நிற்கவில்லை என்று சொல்லி, அந்த டர்போவையே குறை சொல்லித் திருப்பி அனுப்பிய பல வண்டிகளில் குற்றவாளி இந்தச் சிறு வால்வுதான்.

டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச், பிரேக் பேடு ஆகியவற்றின் வயது தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். 210 நியூட்டன் மீட்டருக்கென்று அமைந்த பழைய கிளட்ச், 280-ஐத் தொடும்போது நான்காவது கியரில் வழுக்கத் தொடங்கும்.

எந்த டர்போ

தொழிற்சாலையில் இந்த வண்டியில் வந்தது கேகேகே நிறுவனத்தின் கே03 வகை. அதன் இடத்தில் வைக்கக்கூடியவை நடைமுறையில் மூன்று. 180 குதிரைத்திறன் வகையில் வந்த கே03எஸ். புகை வெளியேறும் அதே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் அப்படியே பொருந்தும் கே04-001. 225 குதிரைத்திறன் எஞ்சினில் வந்த கே04-023 போன்றவை.

டர்போ ஏன் பெரிதாக வேண்டும் என்பதை ஒரு கணக்கால் விளக்கிவிடலாம். காற்று அளவி காட்டும் விநாடிக்கு எத்தனை கிராம் என்ற எண்ணை 1.25-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய குதிரைத்திறன் வரும். அதன்படி 150-க்கு 120 கிராம், 180-க்கு 144 கிராம், 210-க்கு 168 கிராம் காற்று தேவை. சிறிய கே03-ஐக் கசக்கி 168 கிராம் வாங்க முயன்றால் அதன் கம்ப்ரஷர் (காற்றை அழுத்தும் பக்கம்) தன் திறன்மிக்க எல்லையைத் தாண்டி, காற்றைத் தள்ளுவதைவிடச் சூடாக்கும் வேலையையே அதிகம் செய்யும். 35 டிகிரி வெயிலில் 0.5 பார் பூஸ்ட்டுக்கு, 70 விழுக்காடு திறனுள்ள கம்ப்ரஷரிலிருந்து காற்று ஏறக்குறைய 90 டிகிரியில் வெளிவரும். 1 பாருக்கு அது 130 டிகிரி. அதே 1 பாரைத் திறன் 60 விழுக்காடாகச் சரிந்த சிறிய டர்போவிடம் கேட்டால் 145 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று நாக்கிங்கை, அதாவது பெட்ரோல் கலவை தானாகவே வெடிப்பதை, வரவழைக்கும். கணினி இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். கூட்டிய பூஸ்ட்டால் கிடைத்த திறன் அங்கேயே கரைந்துபோகும். பெரிய டர்போவின் மெய்யான பயன், அதே அழுத்தத்தைக் குறைந்த சூட்டில் தருவதுதான்.

ஆனால் இந்த எஞ்சினின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. கனெக்டிங் ராடுகள் மெலிந்தவை. அவற்றை வளைப்பது உயர் ஆர்பிஎம்மில் கிடைக்கும் குதிரைத்திறன் அல்ல, 2,500 முதல் 3,000 ஆர்பிஎம்முக்குள் ஒரே வீச்சில் எழும் முறுக்குவிசை. சிறிய டர்போ விரைவில் சுழன்றெழும். ஆகவே கே03எஸ் அல்லது கே04-001-ஐப் பொருத்தி, தாறுமாறான மேப் போட்டு, ஐந்தாவது கியரில் கீழிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுப்பதுதான் இந்த எஞ்சினைக் கொல்லும் நேர்வழி. பெரிய கே04-023, 3,500 ஆர்பிஎம்முக்குப் பிறகே முழு பூஸ்ட்டுக்கு வருவதால் ராடுகளுக்கு அது கருணை காட்டுகிறது. எந்த டர்போ ஆனாலும் முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டரைத் தாண்டாமல் மேப்பைக் கட்டுங்கள். கியர்பாக்ஸும் அதற்காக உங்களுக்கு நன்றியோடு இருக்கும்.

செலவைப் பார்க்கிறவர்களுக்கு என் பரிந்துரை கே03எஸ். அது 185 வரை சுகமாகத் தரும், புதிய மேனிஃபோல்டும் கேட்காது. 210 வேண்டுமென்றால் கே04-001-ஐத் தாண்டி நேராகக் கே04-023-க்குப் போய்விடுங்கள். முன்னது அளவில் கே03எஸ்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் கொடுத்த பணத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம்தான். பின்னதற்கு மேனிஃபோல்டு, டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையைக் கீழே கொண்டுசெல்லும் குழாய்), ஏர்ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் இன்லெட் குழாய் எல்லாமே மாறும். ஆடி எஸ்3, டிடி வண்டிகளின் டவுன்பைப் நான்கு சக்கர இயக்கத்துக்கென அமைந்தது என்பதால் முன்சக்கர இயக்க ஆக்டேவியாவில் உட்காராது. லியோன் குப்ரா ஆருக்கான டவுன்பைப்பைத் தேடுங்கள், அல்லது நல்ல கைவினைஞரிடம் ஸ்டெயின்லெஸ் குழாயில் செய்துகொள்ளுங்கள்.

டர்போவை எங்கே வாங்குவது என்பதில் ஓர் எச்சரிக்கை. லாரியும் போர்வெல் வண்டியும் நிறைந்த நம் மேற்கு மாவட்டங்களில் டர்போவைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகள் ஏராளம். அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் பழகியது டீசல் டர்போ. டீசல் எஞ்சினின் புகை 800 டிகிரி அளவோடு நிற்கும்; இந்தப் பெட்ரோல் எஞ்சினின் புகை 900 டிகிரியைத் தாண்டும். பெயரில் கே03 என்று இருப்பதால் டீசல் காரின் டர்போவையோ, புகையால் சுழலும் அதன் டர்பைன் பக்கத்தின் கூட்டையோ இதில் வைத்தால், அந்த வார்ப்பிரும்பு சில மாதங்களில் வெடிப்பு விடும். மறுசீரமைத்த டர்போ வாங்கினால், அதன் சுழல்பகுதியை அதிவேக எந்திரத்தில் சமநிலைப்படுத்தியதற்கான அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். அச்சை விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தால் அசைவு உணரக் கூடாது. பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருக்கலாம், ஆனால் பிளேடு கூட்டின் சுவரைத் தொடக் கூடாது.

பெட்ரோல் போதுமா

குதிரைத்திறன் கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், அதுவும் பூஸ்ட்டில் செறிவாக. ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.55 பவுண்டு பெட்ரோல், இன்ஜெக்டர் 85 விழுக்காடு நேரம் திறந்திருக்கலாம் என்ற வழக்கமான கணக்கை எடுத்துக்கொண்டால், 210 குதிரைத்திறனுக்கு ஒவ்வோர் இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 357 மில்லி தர வேண்டும். இது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கான எண். இன்று நம் பங்க்குகளில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. அதற்கு ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் அளவு தேவைப்படுவதால் 380 மில்லிக்கு வந்து நிற்கும். 225 குதிரைத்திறன் எஞ்சினில் வந்த இன்ஜெக்டர்களின் அளவும் ஏறக்குறைய அதுவே என்பதால் கே04-023 வழியில் போகிறவர்கள் அவற்றையே தேர்ந்தெடுக்கலாம். வெளிநாட்டினர் போதும் என்று எழுதிவைத்த இன்ஜெக்டர் அளவை நம் பெட்ரோலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான்கு இன்ஜெக்டரும் 85 விழுக்காட்டில் ஓடினால் நிமிடத்துக்கு 1.3 லிட்டர், அதாவது மணிக்கு 78 லிட்டர். பூஸ்ட் ஏறும்போது ரெகுலேட்டர் பெட்ரோல் அழுத்தத்தையும் சேர்த்தே உயர்த்துவதால், டேங்கில் உள்ள பம்ப் 3 பாரில் அல்ல, 4 பாரில் இந்த அளவைத் தர வேண்டும். கால் பங்கைக் கையிருப்பாகக் கூட்டி மணிக்கு 100 லிட்டர் என்று கொள்ளுங்கள். சோதிப்பது எளிது: அழுத்தத்தை 4 பாரில் நிறுத்திவைத்து, பம்ப்பை 30 விநாடி ஓடவிட்டு, அளவுக் குடுவையில் பிடியுங்கள். 830 மில்லிக்குக் குறைந்தால் பம்ப்பும் ஃபில்டரும் மாற வேண்டும். இந்தச் சோதனையைத் திறந்தவெளியில், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க, இருவராகச் செய்யுங்கள். பழைய ரப்பர்ப் பெட்ரோல் ஹோஸ்கள் எத்தனாலில் ஊறி வெடிக்கக்கூடியவை என்பதால், அவற்றை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதையும் இதே நாளில் முடித்துவிடலாம்.

பொருத்துதல்

குறுக்காக அமர்ந்த இந்த எஞ்சினில் டர்போ பின்பக்கம், ஃபயர்வாலுக்கு அருகில் ஒளிந்திருக்கிறது. மேலிருந்து கை நுழையாது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, வலப்பக்க டிரைவ் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கீழிருந்து நல்ல இடம் கிடைக்கும். இரண்டு நாளுக்கு முன்பே மேனிஃபோல்டு, டவுன்பைப் நட்டுகளுக்குத் துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து, ஒரு முறை எஞ்சினைச் சூடாக்கி ஆறவிட்டு, மறுபடியும் தெளித்து வையுங்கள். பொறுமையிழந்து நீளமான பைப்பைப் போட்டு நெம்பினால் ஸ்டட் உள்ளேயே முறிந்துவிடும். பிறகு ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டிவரும். பழைய ஸ்டட்டுகளையும் நட்டுகளையும் திரும்பப் பயன்படுத்தாமல், அதிகச் சூட்டுக்கான புதியவற்றைப் போடுங்கள்.

ஆயில் வரும் குழாயைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது. மேனிஃபோல்டின் வெப்பத்துக்கு அருகே ஓடும் அந்த இரும்புக் குழாயின் உட்புறத்தில் கருகிய ஆயில் கரியாக ஒட்டியிருக்கும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே ஊசி நுழையும் அளவு துளைதான் மிஞ்சியிருக்கும். எத்தனை கழுவினாலும் அந்தக் கரி முழுமையாகப் போகாது. ஒரு துணுக்குப் பெயர்ந்தாலும் புதிய பேரிங்கில் போய் விழும். குழாயும் பேஞ்சோ போல்ட்டும் அதன் இரு செம்பு வாஷர்களும் புதிதாக இருக்க வேண்டும்.

ஆயில் வடியும் வழி இதற்கு நேரெதிரானது. அங்கே அழுத்தம் கிடையாது. ஆயில் நுரைத்து, தன் எடையால் மட்டும் சம்ப்புக்கு இறங்குகிறது. ஆகவே வடிகுழாய் எங்கும் மேடேறாமல், கிள்ளிப் போகாமல், கூடுமான வரை செங்குத்தாக இறங்க வேண்டும். டர்போவின் நடுக்கூட்டையும் கம்ப்ரஷர் கூட்டையும் தளர்த்தி, ஆயில் வடியும் வாய் நேராகக் கீழ்நோக்கும்படி திருப்பி அமைத்த பிறகு இறுக்குங்கள். ஒருமுறை நான் வண்டியை விட்டிருந்த ஒர்க்‌ஷாப்பில், ஆயில் வடியும் வாயின் உலோகக் கேஸ்கெட் கிடைக்கவில்லை என்று சிலிக்கான் பசையைத் தாராளமாகப் பூசி முடித்திருந்தார்கள். உள்பக்கம் பிதுங்கிய பசை பாதி வழியை அடைத்தது. 400 கிலோமீட்டருக்குள் சைலன்சரிலிருந்து வெள்ளையும் நீலமுமாகப் புகை வந்து, புதிய டர்போவைக் கழற்ற வேண்டியதாயிற்று. ஆயில் வழிகளில் எங்கேயும் சிலிக்கான் பசை கூடாது. சரியான கேஸ்கெட் வரும்வரை வண்டி லிஃப்டிலேயே நிற்பதில் தவறில்லை.

கூலன்ட் குழாய்களைப் புதிய செம்பு வாஷர்களோடு இணைத்து, அமைப்பைப் புதிய கூலன்ட்டால் நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். போல்ட்டுகளை இறுக்கும்போது அந்தந்த எஞ்சின் குறியீட்டுக்கான சர்வீஸ் கையேடு சொல்லும் எண்ணை டார்க் ரெஞ்சில் வைத்து இறுக்குங்கள். டர்போவின் அருகில் பிரேக் குழாயோ மின்கம்பியோ போகும் இடங்களில் பழைய வெப்பத்தகடுகளைத் திரும்ப மாட்டாமல் விடுவது பெருந்தவறு.

டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. தொழிற்சாலை இன்டர்கூலர் சிறியது, ஒரு ஓரத்தில் ஒதுங்கியிருக்கிறது, தடத்தில் மூன்று சுற்றுக்குள் சூடேறிவிடும். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு நடுத்தர அளவு இன்டர்கூலரைப் பொருத்துங்கள். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் காற்றே போகாத அளவுக்குப் பெரியதை வைத்தால் நம் வெயிலில் எஞ்சின் சூடேறும்.

எல்லா ஹோஸ்களையும் மாட்டிய பின், இன்லெட் குழாயின் வாயை அடைத்து, அதன் வழியே 1 பார் காற்றைச் செலுத்திச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நுரை கிளம்பும் இடமெல்லாம் லீக். இதைச் செய்யாமல் விட்டால், லீக்கில் போன காற்றை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிய வேகத்தில் சுழலும். நமக்கோ திறன் குறைவாகத்தான் தெரியும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் ஆயில் வாயில் சுத்தமான புதிய ஆயிலை ஊற்றி, கம்ப்ரஷர் சக்கரத்தை விரலால் சில சுற்றுச் சுற்றுங்கள். பிறகு குழாயை இணைத்து, இன்ஜெக்டர்களையும் இக்னிஷன் காயில்களையும் துண்டித்துவிட்டு, ஆயில் அழுத்தம் கேஜில் ஏறும்வரை பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். அழுத்தம் ஏறிய பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். கிளப்பிய உடன் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, கீழே படுத்து ஒவ்வோர் இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். புதிய மேனிஃபோல்டில் ஒட்டியிருந்த எண்ணெய் எரிந்து சற்றுப் புகையும்; அது பத்து நிமிடத்தில் அடங்கிவிடும்.

மேப்பும் பதிவும்

பழைய மேப்பிலேயே பெரிய டர்போவை ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இன்ஜெக்டர் அளவும் காற்று அளவியின் குழாய் விட்டமும் மாறியிருக்கும்போது கணினி கணிக்கும் எதுவும் உண்மையாக இருக்காது. மேப் செய்பவரிடம் முன்கூட்டியே மூன்று செய்திகளைச் சொல்லுங்கள்: எந்த பங்க்கின் எந்த ஆக்டேன் பெட்ரோலை எப்போதும் போடுவீர்கள், 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே முழு பூஸ்ட் வேண்டாம், முறுக்குவிசை 300-ஐத் தாண்டக் கூடாது. சில நகரங்களில் கிடைக்கும் 100 ஆக்டேன் பெட்ரோலுக்காகக் கட்டிய மேப்போடு, அது கிடைக்காத ஊரில் சாதாரணப் பெட்ரோலை ஊற்றி முழுவேகத்தில் ஓட்டுவது பிஸ்டனோடு விளையாடுவதாகும். ஆகவே உங்கள் ஊரில் எப்போதும் கிடைக்கும் பெட்ரோலுக்கே மேப்பைக் கட்டச் சொல்லுங்கள்.

ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றி, இடைவெளியை 0.7 மில்லிமீட்டராக வையுங்கள். என்ஜிகே பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ந்தது என்று பொருள்; தொழிற்சாலை வகை 6 என்றால் நீங்கள் 7-ஐ வாங்க வேண்டும். டவுன்பைப்பில் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் ஒன்றைப் பொருத்தாமல் மேப் செய்ய ஒப்புக்கொள்ளும் ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். முழு பூஸ்ட்டில் லாம்டா (காற்று-பெட்ரோல் விகித எண்; 1-க்குக் கீழே போனால் பெட்ரோல் செறிவு) 0.80-க்கும் 0.85-க்கும் இடையில் நிற்க வேண்டும்.

மின்த்ராட்டில் கொண்ட வகைகளில் எஞ்சின் கணினியைப் படிக்கும் விசிடிஎஸ் மென்பொருளை மடிக்கணினியில் இணைத்து, பக்கத்தில் ஒருவரை அமர்த்தி, தடத்தில் மூன்றாவது கியரில் 2,500-லிருந்து 6,000 ஆர்பிஎம் வரை ஓட்டிப் பதிவெடுங்கள். மென்பொருளின் 115-ஆம் அளவீட்டுத் தொகுதியில் கணினி கேட்ட பூஸ்ட்டும் உண்மையில் வந்த பூஸ்ட்டும் ஒன்றையொன்று தொடர்ந்து செல்ல வேண்டும். வந்தது கேட்டதைவிடத் தொடர்ந்து குறைவாக இருந்தால் லீக்கையோ, தளர்ந்த வேஸ்ட்கேட்டையோ (பூஸ்ட் மிகாமல் புகையை டர்பைனைச் சுற்றி விடும் வால்வு) தேடுங்கள். தாண்டிக் குதித்தால் வேஸ்ட்கேட் குழாயையும் அதைக் கட்டுப்படுத்தும் என்75 வால்வையும் பாருங்கள். 020-ஆம் தொகுதி, நான்கு சிலிண்டர்களிலும் நாக்கிங்கால் டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்கியது என்பதைக் காட்டும். அங்கே ஓரிரு முறை 2, 3 டிகிரி தோன்றி மறைவது இயல்பு. ஒரே சிலிண்டரில் 6 டிகிரிக்கு மேல் நிலைத்து நின்றால் அன்றைய ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். 032-ஆம் தொகுதியின் பெட்ரோல் திருத்த எண்கள் இரண்டும் 5 விழுக்காட்டுக்குள் அடங்கும்வரை மேப் முடியவில்லை என்றே நான் கருதுவேன். ஏஜியூ போன்ற பழைய கணினிகளில் தொகுதி எண்கள் வேறுபடும் என்பதால் அதற்குரிய பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தடத்திலிருந்து வெளியே வரும்போது உடனே எஞ்சினை அணைக்காமல் ஒரு சுற்றை மென்மையாக ஓட்டி, பிறகு ஓரிரு நிமிடம் ஐடிலில் நிறுத்தி அணையுங்கள். செந்நிறமாகக் கனன்ற டர்பைனுக்கு அருகே ஆயில் அசையாமல் நின்றால் அங்கேயே கருகும். மேலே சொன்ன ஆயில் குழாயின் கரி அப்படித்தான் உருவானது.

முதல் 300 கிலோமீட்டருக்குப் பாதி பூஸ்ட்டுக்கு மேல் போகாமல் ஓட்டி, எஞ்சின் ஆறியதும் மேனிஃபோல்டு, டவுன்பைப் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடியும் சரிபாருங்கள். 1,000 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கழற்றிய ஃபில்டரை அறுத்து, அதன் மடிப்புகளை வெள்ளைத் துணிமேல் விரித்து, சூரிய ஒளியில் பாருங்கள். வெண்கல நிறத்தில் மினுக்கும் துகள் தெரிந்தால் பேரிங் தேயத் தொடங்கிவிட்டது என்று பொருள். டர்போவைக் கழற்றிச் சோதிக்காமல் அடுத்த ஓட்டத்துக்குப் போகக் கூடாது. ஒன்றும் தெரியவில்லையென்றால், கையேடு என்ன சொன்னாலும், 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபோக்ஸ்வாகன் 502 00 தரமுள்ள முழு செயற்கை ஆயிலை மாற்றி வாருங்கள்.